கல்கிசைப் பாறையில் ஒரு மாளிகை பிறந்த கதை

கொழும்பு கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் எட்வேர்ட் பார்ன்ஸ் என்ற பழைய தேசாதிபதியின் சிலை நிற்கிறது. கொழும்பிலிருந்து புறப்படும் பெருந்தெருக்களின் தூரம் அந்தச் சிலையிலிருந்துதான் அளக்கப்படுகிறது. அங்கிருந்து காலி வீதியால் தெற்கே வந்தால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை கழிந்து கல்கிசை வரும். சந்தியில் கடற்பக்கம் திரும்பி ஹோட்டல் வீதியால் நடந்தால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேட்டில் வெள்ளை வெளேரென்று மவுண்ட் லவினியா ஹோட்டல். வாசலில் பழைய வெள்ளைக்காரத் துரைமாரின் தொப்பியோடு காவலர் நிற்பார். மேட்டின் அடியால், கடற்கரையை ஒட்டி, ரயில் தண்டவாளம் போகிறது.

அந்த வீட்டைப் பற்றிக் கொழும்பில் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது காதல் கதை. 1805இல் தோமஸ் மெயிட்லண்ட் தேசாதிபதியாக வந்திறங்கினார். அவரை வரவேற்ற விருந்தில் லொவினா அபொன்சுவா என்ற பெண் ஆடினாள். பாதி போர்த்துக்கேய இரத்தம், பாதி இந்த மண்ணின் இரத்தம். கண்டவுடன் மனதைப் பறிகொடுத்த தேசாதிபதி கல்கிசையில் மாளிகை கட்டினார். ஊருக்கும் உலகுக்கும் தெரியாமல் அவளைச் சந்திக்க, அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து தன் வீட்டு வைன் நிலவறை வரை சுரங்கம் வெட்டினார். 1811இல் நாடு திரும்பும்படி அழைப்பு வந்தது. அவர் போனார், அவள் நின்றாள், அவள் பெயர் ஊருக்கு நிலைத்தது. கல்யாண விருந்துக்குப் போனவர்கள், தேனிலவுக்கு வந்தவர்கள், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் என்று எல்லாரும் இதைக் கேட்டுக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள். கடற்பறவைகளைக் குறிக்கும் சிங்களப் பெயர் ஒன்றுதான் திரிந்து லவினியா ஆயிற்று என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பறவைக் கதையை யார் கேட்பார்கள்?

எனக்கு இந்தக் கதையில் குறையாகப் படுவது ஒன்றுதான். மாளிகை இருக்கிறது, காதல் இருக்கிறது, பிரிவு இருக்கிறது. செலவு யாருடையது, உழைப்பு யாருடையது என்பது மட்டும் இல்லை. கடலோர மாளிகையையும் அதற்குள் ஏங்கும் ஆணையும் பார்த்தால் முதலில் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தது ஓர் அமெரிக்க நாவல்.

ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925 ஏப்ரல் 10ஆம் திகதி வெளிவந்தது. நியூயோர்க்குக்குப் பக்கத்தில் லோங் ஐலண்ட் கடற்கரை. காலம் 1922இன் கோடை. வாராவாரம் நூற்றுக்கணக்கானவர்களுக்கு விருந்து வைக்கும் கேட்ஸ்பி, வந்தவர்களோடு குடிப்பதுமில்லை, ஆடுவதுமில்லை. ஐந்து வருடத்துக்கு முன் தான் ஏழை இராணுவ அதிகாரியாக இருந்தபோது நேசித்த டெய்சி என்ற பணக்காரப் பெண் ஒரு நாளாவது அந்த விருந்துக்கு வந்துவிட மாட்டாளா என்பதுதான் அவன் எதிர்பார்ப்பு. அவள் இப்போது இன்னொருவன் மனைவி. குடாவின் மறுகரையில் அவள் வீடு. அந்தத் துறையில் எரியும் பச்சை விளக்கை இவன் இரவில் நின்று பார்க்கிறான். போன காலத்தைத் திரும்ப வாழ்ந்துவிடலாம், அதற்குப் போதுமான பணம் இருந்தால் சரி என்று அவன் மனதார நம்புகிறான்.

அந்த நாவலில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடம் சட்டைகள் வரும் இடம். டெய்சி முதன்முறையாக அவன் வீட்டைப் பார்க்க வருகிறாள். அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்தவன், கடைசியில் தன் படுக்கையறை அலுமாரியைத் திறக்கிறான். இங்கிலாந்தில் ஆள் வைத்துப் பருவத்துக்குப் பருவம் வாங்குவித்த சட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் எறிகிறான். பட்டு, லினன், மெல்லிய ஃபிளனல். எறிய எறிய மடிப்புக் குலைந்து நிறம் நிறமாகக் குவிகிறது. டெய்சி அந்தக் குவியலில் முகத்தைப் புதைத்து விம்மி அழுகிறாள். எதற்கு அழுகிறாள்? விட்டுப்போன காதலுக்கா, இவ்வளவு செல்வம் அன்றே இவன் கையில் இருந்திருக்கக்கூடாதா என்றா? நாவல் பதிலைத் தீர்மானமாகச் சொல்வதில்லை. அழுதவளுக்கே அது பிரித்துத் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்தச் சட்டைகளின் விலை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. கேட்ஸ்பியின் பணம் கள்ளச் சாராயத்திலும் திருட்டுப் பத்திரங்களிலும் வந்தது. டெய்சியின் கணவன் டொம் புக்கானனின் பணம் தலைமுறை தலைமுறையாக வந்தது. அதன் மூலத்தை ஒருவரும் அவனிடம் கேட்பதில்லை. நாவலின் முழு வேதனையும் இந்த இரண்டு பணங்களுக்கும் இடையில்தான் நடக்கிறது. ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இது ஏட்டறிவு அல்ல. பணம் போதாதென்று செல்டா என்ற பெண்ணோடு அவருக்கு நடந்த நிச்சயம் முறிந்து, முதல் நாவலுக்குப் பதிப்பாளர் கிடைத்த பிறகே கல்யாணமாக முடிந்தது.

இப்போது கல்கிசைக்கு வருவோம். மெயிட்லண்ட் இலங்கைத் தமிழருக்கு, குறிப்பாக யாழ்ப்பாணத்தவருக்கு, அந்நியர் அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த, யாழ்ப்பாணத்தவரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குப் பிரித்தானிய ஆட்சியில் சட்ட வலுக் கொடுத்தது 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம். அது அவர் காலத்தில் வந்தது. கல்கிசைப் பாறையில் வீடு எழும்பியதும் அதே 1806இல் என்றுதான் சொல்லப்படுகிறது. கத்தோலிக்கர் மீது ஒல்லாந்தர் போட்டிருந்த தடைகள் நீங்கியதும் அந்த ஆண்டே. முந்தைய தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் விட்டுப்போன வரவுசெலவுக் குழப்பத்தைச் சரிசெய்ய வந்த கண்டிப்பான சிக்கனக்காரர் என்று மெயிட்லண்டுக்கு வரலாற்றில் பெயர்.

தேசவழமை ஒரு குடும்பத்தின் சொத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும்: முதுசம், சீதனம், தேடியதேட்டம். முன்னோரிடமிருந்து வந்தது ஒன்று, பெண்ணோடு வந்தது ஒன்று, வாழ்நாளில் சம்பாதித்தது ஒன்று. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் கேட்ஸ்பியின் துயரம் யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசிக்கு உடனே விளங்கும். புக்கானனிடம் இருப்பது முதுசம். கேட்ஸ்பியிடம் இருப்பது வெறும் தேடியதேட்டம். அதைக் கொட்டி அவன் வாங்கப் பார்ப்பது ஒரு முதுசத்தை, தனக்கென ஒரு கடந்தகாலத்தை. எந்த நொத்தாரிசும் எழுதிக் கொடுக்க முடியாத உறுதி அது.

மெயிட்லண்ட் 1811இல் இலங்கையை விட்டுப் போனார். பிறகு மால்டாவின் தேசாதிபதி, அயோனியத் தீவுகளின் உயர் ஆணையாளர். கல்யாணம் செய்துகொள்ளாமலே 1824 ஜனவரியில் மால்டாவில் இறந்தார். ‘டொம் ராசா’ என்று பட்டப்பெயர் வாங்கும் அளவுக்கு அதிகாரத்தை அனுபவித்த மனிதர். லொவினாவைப் பற்றிச் சொல்லப்படுவதெல்லாம் அவர் இங்கே இருந்த ஆறு வருடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு அவள் எங்கே வாழ்ந்தாள், என்ன சாப்பிட்டாள், யார் அவளைப் பார்த்துக்கொண்டார்கள் என்று கதை சொல்வோர் ஒருவரும் கேட்பதில்லை.

இன்று நாம் பார்க்கும் மாளிகையின் பெருந்தோற்றத்துக்குக் காரணம் மெயிட்லண்டைவிட, கோட்டையில் சிலையாக நிற்கும் பார்ன்ஸ்தான். வாட்டர்லூவில் போரிட்டவர், 1824 முதல் 1831 வரை இங்கே தேசாதிபதி. கல்கிசை வீட்டை அவர் அரண்மனை அளவுக்கு விரித்துக் கட்டினார். நுவரெலியாவிலும் ஒரு வீடு. அதுவும் இன்று பெரிய ஹோட்டல்தான். இவ்வளவு செலவு எதற்கென்று இலண்டன் முகம் சுளித்தது. கடைசியில் கல்கிசை மாளிகையை அரசு விற்றுவிட்டது.

பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியைப் போட்டவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த வீதிக்குக் கல் உடைத்தவர்கள் இராசகாரியத்தில் வந்தவர்கள். மன்னர் காலத்தில் காணி வைத்திருந்தவன் அரசனுக்குச் செய்த கட்டாய ஊழியத்தைப் பிரித்தானியர் அப்படியே கையில் எடுத்து, வீதி வேலைக்குத் திருப்பினார்கள். 1829இல் வந்த கோல்புறூக் ஆணைக்குழு இந்த முறையை ஒழிக்கச் சொன்னது, ஒழிந்தது. அதற்கிடையில் பார்ன்ஸ் இன்னொன்றையும் தொடக்கிவிட்டார்: கோப்பி. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் அவரே தோட்டம் போட்டார். நாட்டை ஆளும் துரைமார் தாங்களே தோட்டக்காரர்களாகவும் இருந்த காலம். சுற்றுக் கிராமத்தவர் கூலிக்கு வர மறுக்க, 1820களின் இறுதியிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து தமிழர் வரவழைக்கப்பட்டார்கள். இராமேஸ்வரத்தில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களில் வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய இலங்கையின் செல்வம் என்று எதைக் காட்டினாலும், அந்த நடைபாதை அதற்குக் கீழே ஓடுகிறது. கல்கிசையில் ஒரு சுரங்கம் உண்டென்றால் எனக்குத் தெரிந்த சுரங்கம் அதுதான்.

ஹோட்டல் பிறந்ததும் இந்தப் பணத்தின் ஓட்டத்தில்தான். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க 1867இல் கண்டி வரை ரயில் போட்டார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார். அதுவரை காலிக்குப் போன கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பத் தொடங்கின. 1877இல் கரையோர ரயில் பாதை கல்கிசையைத் தொட்டது. கப்பல் நிலக்கரி ஏற்றி முடியும்வரை கரையில் பொழுதுபோக்க இடம் தேடிய பயணிகளுக்கு, சில மைல் தூரத்தில், ரயிலால் இறங்கி ஏறக்கூடிய ஒரு தேசாதிபதி மாளிகை காத்திருந்தது. வீடு ஹோட்டலாயிற்று. டேவிட் லீன் 1957இல் வெளியிட்ட ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தில் இராணுவ மருத்துவமனையாக வருவதும் இதே இடம்தான்.

கேட்ஸ்பியின் விருந்துக்கு நிகரான விருந்து கொழும்பில் நடக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு, நடந்தது. அதைக் கொடுத்தவர் வெள்ளைக்காரர் அல்ல. 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசர் வந்தபோது மொறட்டுவையைச் சேர்ந்த சாள்ஸ் ஹென்றி டி சொய்சா கொள்ளுப்பிட்டியில் உள்ள தன் பகத்தலை மாளிகையில் விருந்து வைத்தார். இளவரசர் சாப்பிட்டது தங்கத் தட்டில். கத்தியும் முள்ளும் தங்கம், பிடியில் மாணிக்கமும் மரகதமும் முத்தும். அரச அனுமதி பெற்று அந்த வீடு அல்பிரட் ஹவுஸ் ஆயிற்று. இந்த நாட்டின் புதுப் பணக்காரக் குடும்பங்கள் எப்படி எழும்பின என்பதை ஆராய்ந்த குமாரி ஜயவர்தன, 2000இல் வெளிவந்த தன் நூலில் அதன் அடிக்கல்லாகக் காட்டுவது சாராயக் குத்தகையை. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலம் விடும். கூடக் கேட்டவர் எடுப்பார். தவறணை தவறணையாகத் திறந்து பணத்தைத் திரட்டுவார். அது கோப்பித் தோட்டமாகவும் காணியாகவும் மாளிகையாகவும் உருமாறும். கேட்ஸ்பி சட்டத்துக்குப் புறம்பாக விற்றதை இங்கே சட்டமே ஏலத்தில் கூவி விற்றது. அந்தத் தவறணைகளில் நாட்கூலியைக் குடித்துத் தீர்த்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

டி சொய்சாவுக்கு நியாயமும் செய்ய வேண்டும். 1879இல் கொழும்பில் திறந்த பிரசவ மருத்துவமனை அவர் கொடை. இன்றும் இயங்குகிறது; சாதியும் மதமும் மொழியும் பாராமல் கொழும்பின் எத்தனையோ தாய்மார் அங்கே பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அல்பிரட் ஹவுஸ் வளவு துண்டு துண்டாகி வீதிப் பெயராக மிஞ்சியிருக்கிறது. மருத்துவமனை மருத்துவமனையாகவே இருக்கிறது.

இனி அந்தக் காதல் கதைக்கு வருகிறேன். அது பொய் என்று வாதிட நான் வரவில்லை. தேசாதிபதிமாரும் படை அதிகாரிகளும் உள்ளூர்ப் பெண்களோடு வாழ்ந்ததும், நாடு திரும்பும்போது விட்டுப் போனதும் நடக்காத காரியமல்ல. நான் சொல்வது, அந்தக் கதை மாளிகைக்கு என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். அதிகாரத்துக்காகக் கட்டிய வீட்டை அது அன்புக்காகக் கட்டிய வீடாக மாற்றிக் காட்டுகிறது. தொப்பியும் சீருடையும் அணிந்த காவலர், தேசாதிபதியின் பெயரில் உணவறை, கடலைப் பார்த்த மேல்தளத்தில் மாலைத் தேநீர் என்று எல்லாமே ஒரு பழைய நாளுக்கு நம்மை அழைக்கின்றன. அந்த நாளில் நம் பாட்டன்மார் இந்த வாசலால் விருந்தாளியாக நுழைந்திருக்க மாட்டார்கள். பல்லக்குத் தூக்கியாக, சமையற்காரனாக, கல் சுமந்தவனாகத்தான் வந்திருப்பார்கள். அப்படியிருந்தும் அந்தக் காலம் வராதா என்று நாமும் சேர்ந்து ஏங்குகிறோமே, அதுதான் எனக்கு நோகிறது.

டெய்சிக்கும் லொவினாவுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரையும் நாம் பார்ப்பது ஏங்கும் ஆணின் கண்ணால். டெய்சிக்கு வந்த கடிதம் ஒன்றாவது நாவலில் வருகிறது. அழுகையில் கையில் பிடித்தபடியே குளியல் தொட்டியில் நனைத்து, அது கூழாகும்போதுதான் விடுகிறாள். கல்யாணத்துக்கு முதல் நாள் குடித்துவிட்டு, முத்துமாலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாள். அரை மணி நேரத்தில் அதே மாலை அவள் கழுத்தில்; அடுத்த நாள் கல்யாணம். அவளுக்கென்று ஒரு மனம் இருந்ததற்கு அந்த ஒரு மாலைப்பொழுது சாட்சி. லொவினாவுக்கு அதுவும் இல்லை. ஊரே அவள் பெயரில் இருக்கிறது. அவள் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. கொழும்பு 7இல் மெயிட்லண்ட் பிளேசும் பார்ன்ஸ் பிளேசும் இருக்கின்றன. அவர்களுக்குக் கடிதங்களும் அறிக்கைகளும் ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன.

ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940 டிசம்பரில் 44ஆவது வயதில் இறந்தபோது இந்த நாவல் தோற்றுப்போன புத்தகம். போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினருக்கு இலவசமாக ஒரு லட்சத்துக்கு மேல் பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்த பிறகே அதற்கு மறுபிறவி. வீட்டை விட்டுத் தொலைவில் போர்முனையில் கிடந்த இளைஞர்களுக்கு, திரும்ப முடியாத நாளுக்காக ஏங்கும் ஒருவனின் கதை ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

நமக்கும் ஒட்டும். 1983 ஜூலையில் வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை, இரத்மலானை எங்கும் தமிழர் வீடுகள் எரிந்தன. இரத்மலானை விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அகதியாகக் கிடந்தார்கள். கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றிவிடப்பட்டார்கள். அங்கிருந்து டொரொண்டோவுக்கும் இலண்டனுக்கும் போய் இரண்டு வேலை, மூன்று வேலை பார்த்துத் தேடியதேட்டத்தோடு திரும்பி வந்தவர்கள், இடிந்த வளவில் மாடி வீடு கட்டுகிறார்கள். வருடத்தில் பதினொரு மாதம் அந்த வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குத் திறக்கிறார்கள். கேட்ஸ்பியைப் புரிந்துகொள்ள நமக்கு லோங் ஐலண்ட் தேவையில்லை. ஆனால் அவனுக்கும் இவர்களுக்கும் உள்ள பேதத்தையும் சொல்லியாக வேண்டும். அவன் தான் வாழ்ந்தேயிராத ஒரு வாழ்வை விலைக்குக் கேட்டான். இவர்கள் தங்களிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கேட்கிறார்கள். இவர்களின் ஏக்கத்தை நான் ஒருக்காலும் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடிழந்த குடும்பங்களில் இப்போது பலர் தங்கள் வீட்டுக் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்காகக் கொப்பியிலோ கணினியிலோ எழுதுகிறார்கள். எழுதுங்கள். மாமரத்தையும் விறாந்தையையும் வானொலிப் பெட்டியையும் எழுதுங்கள். கூடவே, அந்த வீட்டைக் கட்டிய மேசனின் பெயர், கிணறு வெட்டியவர்களின் ஊர், அடுப்படியில் நின்ற மலைநாட்டுப் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள், அவள் பிறகு எங்கே போனாள், எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய வயதானவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த வாரமே கேளுங்கள்.